ஞானத்தகப்பன் கொடுத்த உறை

தெம்யோ என் தட்டில் மூன்றாவது கோழிக்காலை வைத்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கோழிக்கு இரண்டு கால்தான். அப்படியானால் இன்னொரு கோழியும் செத்திருக்கிறது. அதுவும் என்னை உத்தேசித்து. தெம்யோ என்னிடம் முப்பது லட்சம் வோன் வாங்கியிருந்தான். வாயைப் பிளக்க வேண்டாம், கொரியாவில் அன்று அது இரண்டு மாதச் சம்பளம். சியோலுக்கு வெளியே ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நாங்கள் இரண்டு பேர். அவன் கால் பொருத்துவான். ஆடுகிறதா என்று நான் உட்கார்ந்து பார்ப்பேன். ஆறு வருடத்தில் நான்கு லட்சம் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் நாட்டில் எந்த ஜனாதிபதியும் அத்தனை நாற்காலி கண்டதில்லை.

நான் இயல்பில் சந்தேகப் பிராணி அல்ல. மாடிப்படியை ஏறும்போது எண்ணுவேன், குறைந்துவிடக் கூடாதே என்று இறங்கும்போதும் எண்ணுவேன், அவ்வளவுதான். தெம்யோவின் மனைவி மெர்லிண்டாவின் பிரசவச் செலவுக்கு என்று கேட்டான், கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டும் தந்தான். அதை பிளாஸ்டிக் உறையில் வைத்துக் குளிக்கும்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். இப்போது என் ஒப்பந்தம் முடிந்து, ஊருக்கு விமானம் ஏற மூன்றே வாரம் இருந்தது. ஊரில் என் படகு இன்ஜின் இல்லாமல் கரையில் கிடந்தது. அந்த முப்பது லட்சம்தான் இன்ஜின். என் மனைவி கோர்டேலியா போனில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்: "இன்ஜினோட வா. இல்லேன்னா அங்கயே இன்னும் ரெண்டு லட்சம் நாற்காலில உக்காந்துட்டு வா."

"கூயா, இன்னும் கொஞ்சம் சோறு?" என்றான் தெம்யோ. அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சோறு போதும்டா. அந்த விஷயம்..."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டான். மெர்லிண்டா மூன்று மாதப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தகப்பன், கூயா. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஞானத்தகப்பனாக இருக்க மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். ஒத்துக்கொண்டாலோ, பிள்ளையின் அப்பனும் நானும் கும்பாரே ஆகிவிடுவோம். கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். கும்பாரேயிடம் சிறுநீரகம் கேட்கலாம். கொடுத்த கடனைக் கேட்கக் கூடாது. மூன்றாவது காலின் கணக்கு புரிந்தது. பிள்ளை என் மடியை நனைத்தது. முதல் தவணை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க, ஆடுகிற நாற்காலிகளை ஆடவில்லை என்று அனுப்பிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதான் வழி பிறந்தது. வாயால்தான் கேட்கக் கூடாது; காகிதத்துக்கு ஏது வாய்? ஞானஸ்நானம் முடிந்ததும் ஞானப்பெற்றோர் பிள்ளையின் கையில் ஓர் உறை வைப்பார்கள். பணத்துக்குப் பதிலாக அந்தச் சீட்டை வைத்து ஒட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பிரிப்பான், தன் கையெழுத்தைப் பார்ப்பான், கூசிப்போய் வியாழக்கிழமைக்குள் பணத்தோடு வருவான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

கோயிலில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றபோது எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு ஞானப்பெற்றோர் சகஜம்தான். ஆனால் இந்தப் பதினான்கு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு பட்டினி தெரிந்தது. பக்கத்தில் சாயப்பட்டறை லுட்கார்தா.

"எவ்வளவு குடுத்த?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"எதுக்கு?"

"நடிக்காதடா. என்னோடது பதினெட்டு லட்சம்."

"முப்பது" என்றேன்.

அவள் எனக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள். செய்தி மெழுகுவர்த்திக்கு மெழுகுவர்த்தி தாவிப் போனது. வரிசையின் மறுகோடியில் கண்ணாடிப் பட்டறை கிறிஸ்பினோ என்னைப் பார்த்து ஒரு கையை இரண்டு தடவை விரித்துக் காட்டினான். பத்து.

"சாத்தானையும் அவனுடைய மாய்மாலங்களையும் விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார் பாதிரியார்.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் தெம்யோவைத் திரும்பிப் பார்த்து, "விட்டுவிடுகிறோம்!" என்றோம். கூரையிலிருந்த புறாக்கள் இடம் மாறின. அத்தனை பக்தியைத் தன் ஊழியத்தில் கண்டதில்லை என்று பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தெம்யோ அழுதான். நிஜ அழுகையா என்று பார்க்க இரண்டடி நகர்ந்து நின்றேன். நிஜம் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் ஊற்றி முடிந்தது. என் முறை வந்தது. உறையைப் பிள்ளையின் கையில் வைத்தேன். ஐந்து விரலும் அதைச் சுற்றி மூடின. பின்னால் லுட்கார்தா பெருமூச்சு விட்டாள்.

"போச்சு போ. பிள்ள கையில வெச்சது பிள்ளைக்குத்தான். சாமிகூடத் திருப்பிக் கேக்க முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைத்தது கடன் சீட்டு. பிள்ளை கையில் வைத்துவிட்டால் கடன் தானமாகிவிடும். கேட்காமல் கேட்கிறேன் என்று போய், பதின்மூன்று பேர் சாட்சியாக, என் படகு இன்ஜினை மூன்று மாதப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறையிலிருந்து நான் இன்னும் விரலை எடுக்கவில்லை. மெதுவாக இழுத்தேன். பிள்ளையும் இழுத்தது.

"கும்பாரே!" என்றான் தெம்யோ. கூயா போய்விட்டது. "கேமராவப் பாருங்க, கும்பாரே!"

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அந்தப் படம் இன்னும் என் சுவரில் இருக்கிறது. பதின்மூன்று பேர் பல் வலிக்காரர்கள்போலச் சிரிக்கிறார்கள். நானும் பிள்ளையும் உறையைத்தான் பார்க்கிறோம்; அதன் இரண்டு ஓரமும் கசங்கியிருக்கிறது. எத்தனையோ வருடம் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். எல்லாரையும் கேமராவைப் பார்க்கச் சொன்ன தெம்யோவின் கண்ணும் கேமராவில் இல்லை. உறையில்தான் இருக்கிறது.