சங்கின் தொண்டை

மீன் ஏலக்களத்தில் அவனுக்குச் சங்கு என்று பெயர். மற்றவர்களெல்லாம் மைக் பிடித்து ஏலம் விடும் இடத்தில் மைக் இல்லாமல் விடுகிறவன் அவன் ஒருவன்தான். லாரிகளின் இரைச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம், வியாபாரிகளின் வாக்குவாதம் எல்லாவற்றையும் தாண்டி அவன் குரல் கடைசித் தூண் வரைக்கும் போகும். அந்தக் குரல் கரகரத்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்றார்கள். அவனும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டு, சிகரெட்டையும் விடாமல், மழை விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பயந்தது அவனுடைய அக்கா மட்டும்தான். புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. நோயாளிகளின் தொண்டையிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் எந்தெந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பார்ப்பாள். கரகரப்பில் தொடங்கி எங்கெங்கோ போய் முடிந்த எத்தனையோ பேரை அவளுக்குத் தெரியும். தம்பியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

குரல்வளையில் கட்டி. புற்றுநோய்தான்.

"ரொம்பச் சின்னதும் இல்ல, கைமீறியும் போகல," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வழி இருக்கு. கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தா குரல் தப்பும். இல்லன்னா ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துடணும்."

"எடுத்துட்டா நான் என்ன பண்றது டாக்டர்? மீனுக்கு நடுவுல நின்னு மீன் மாதிரியே வாயைத் திறந்து மூடவா?"

அவன் மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கதிர்வீச்சு என்று அங்கேயே முடிவாயிற்று.

பரிசோதனைக்கு எடுத்த சதையில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறாயா என்று கேட்டபோது, "அக்காவுக்குத்தானே, எடுத்துக்கட்டும்" என்றான் சங்கு. சொந்தக்காரர் துணுக்கை அவள் தொடக்கூடாது என்பது விதி. கூட வேலை செய்பவர்தான் அளந்தார். ஆனால் அந்த வாரம் வந்த தொண்டைத் துணுக்கு அது ஒன்றுதான். மும்முரமான மரபணுக்களைச் சிவப்பாகக் காட்டும் படம் திரையில் விரிந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் மரபணு அடங்கிக் கிடந்தது. சுற்றியுள்ள சுவரை அரித்து வெளியேற உதவுபவை கொழுந்துவிட்டு எரிவதுபோல் சிவந்திருந்தன. காற்றில்லாத இடத்திலும் பிழைத்துக் கிடக்கச் செய்பவை அதைவிடச் சிவப்பு. இப்படிப்பட்ட கட்டிகளில் பாதிக்கு மேல் கதிர்வீச்சைத் தாக்குப்பிடித்துத் திரும்பி வந்ததை அவர்கள் குழுவே எண்ணிப் பார்த்திருக்கிறது.

கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "உன் படத்தை நான் தப்புன்னு சொல்லல. ஆனா இது இன்னும் ஆராய்ச்சி. இதை வச்சு ஒரு மனுஷனோட குரலை வெட்டி எடுக்க எனக்கு உரிமை இல்ல. திரும்பி வராத பாதியில அவன் இருந்தா?"

"வர்ற பாதியில இருந்தா?"



அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கத்தக்கூடாது என்று சொல்லியிருந்ததால் காற்றுப்போன குரலில் பேசினான்.

"என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஆபரேஷனே பண்ணிக்கடா."

"ஏன்?"

அவனுக்குப் புரியும்படி சொல்லத் தவித்தாள். "உன் ஏலக்களத்துல நூறு பேர் நிக்கறாங்க. எல்லாருமா கத்தறாங்க? ஒரு செல்லுக்குள்ள ஆயிரக்கணக்கான மரபணு இருக்குடா. எது பேசுது, எது பேசலங்கறதுதான் கணக்கு. உன் கட்டியில பேசக்கூடாததெல்லாம் பேசுது."

"நிச்சயமா திரும்பி வருமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது."

"அப்ப நிச்சயமில்லாத ஒண்ணுக்காக நிச்சயமா என் குரலை எடுத்துடலாம்கறே." அவன் கத்தியைக் கீழே வைத்தான். "போதும்க்கா. இனிமே உன் மெஷின் சொல்றதை என்கிட்ட கொண்டு வராதே. கேட்டா நான் தூங்க மாட்டேன்."

அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். வாக்குவாதத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி, "விட்டுடுங்க அண்ணி. அவர் குரல் அவருக்கு," என்றாள்.

கதிர்வீச்சில் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் வறண்டது. ஆனால் குரல் திரும்பியது. பழைய சங்கு இல்லை, கொஞ்சம் விரிசல் விட்ட சங்கு. முதல் நாள் களத்துக்குப் போய்விட்டு அக்காவுக்குப் போன் பண்ணி ஏலக்குரலிலேயே கேட்டான்: "அக்கா ஒண்ணு, மெஷின் ஒண்ணு, ரெண்டும் சேர்த்து யாருக்கு வேணும்?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தான் பார்த்தது பொய்யாகப் போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டாள். தன் வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

வருஷம் திரும்புவதற்குள் ஒரு காலையில், ஏலத்தின் நடுவில் அவன் குரல் நின்றது. மூச்சு விசிலடித்தது. உதடு நீலம் பாரித்து, தூணைப் பிடித்தபடியே சரிந்தான். மீன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சைக் கொடுக்க முடிந்தது. கட்டி அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்திருந்தது. குரல்வளையை எடுத்தார்கள். கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள்.

நான் சொன்னேனே என்று அக்கா ஒருபோதும் சொல்லவில்லை. யாராவது அதைச் சொல்லித் தன்னைத் திட்டினால்கூடத் தேவலை என்பதுபோல் அவன் முகம் இருந்தது.

புண் ஆறிய பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. வெட்டி எடுத்த கட்டியின் துணுக்கும் மறுபடி அளக்கப்பட்டது. அக்கா வார்டுக்கு வந்தபோது அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் உதட்டை அசைத்தான். சத்தமில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது.

"சொல்லச் சொல்றார்," என்றாள் மனைவி. அவன் உதட்டைப் படிக்க அவளுக்குத்தான் சட்டென்று வரும்.

அன்று கேட்க மறுத்தவன் இன்று கேட்கிறான். அன்று சொல்லத் துடித்தவளுக்கு இன்று நாக்கு எழவில்லை. "இதோ வரேன்" என்று படிக்கட்டுக்குப் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். யாரோ துடைப்பத்தோடு ஒதுங்கிப் போனார்கள். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முழுசா சொல்றேன். போதும்னா கையை அமுக்கு, நிறுத்திடறேன்."

சொன்னாள். ஒட்டி வைக்கும் மரபணு இப்போது அறவே பேசவில்லை. சுவரை அரித்து அலையவிடுபவை இன்னும் ஏறியிருக்கின்றன. நுரையீரலுக்குப் போனது அப்படித்தான். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அமுக்கவில்லை.

"இன்னொண்ணும் சத்தமா இருக்குடா. நம்ம உடம்போட காவல்காரங்களைப் பார்த்து, 'இங்க ஒண்ணுமில்ல, போங்க'ன்னு சொல்ற மரபணு. அதோட வாயை அடைக்க மருந்து இருக்கு. நாலு பேருக்குப் போட்டா ஒருத்தருக்குப் பிடிக்கலாம்."

அவன் ஒரு விரலைக் காட்டினான். பிறகு நான்கு விரல்களைக் காட்டினான். சரியென்று தலையை ஆட்டினான்.

மருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. அவன் மெலிந்தான், தோல் அரித்தது, எரிச்சலில் ஒருநாள் தட்டை வீசினான். சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா, "குறையல, வளரவும் இல்ல," என்றார். "தொடர்ந்து போடுவோம். நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மூவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் உதட்டை அசைத்தான். அக்கா எழுந்துவிட்டாள். "பசிக்குதா? ஏதாவது வாங்கிட்டு வரவா?"

"பசி இல்ல அண்ணி," என்றாள் மனைவி. "பயமா இருக்குன்னு சொல்றார்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். சமாதானமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

"எனக்கும்தான்டா," என்றாள்.