கடைமடை மட்டம்

இடுப்புக்குக் கீழே யாரோ கடப்பாறையைச் செருகி வைத்த மாதிரி இருந்தது தாமரைச்செல்விக்கு. சனிக்கிழமை முழுக்க அம்மாவோடு களை பறித்ததில் வந்தது. குனிந்தாலும் வலித்தது, நிமிர்ந்தாலும் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து, மடியில் லேப்டாப்போடு சுவரில் சாய்ந்திருந்தாள். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று அவளுடைய சமன்பாடு சொன்னது. இன்னொன்று வாய்க்காலில் கட்டிய சென்சார் சொன்னது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன.

காரைக்காலில் எம்.டெக். கடைசி வருஷம் படிக்கிறாள். புராஜெக்டுக்கு நெடுங்காடு பக்கம் இருக்கிற தன் ஊர் வாய்க்காலையே எடுத்துக்கொண்டாள். வாய்க்காலை மேல், நடு, கடை என்று மூன்று துண்டாகப் பிரித்து, மூன்றிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைச் சமன்பாட்டில் நிலைகளாக வைத்தாள். இப்போது மட்டம் என்ன, எந்த மடை திறந்திருக்கிறது, இந்த இரண்டையும் கொடுத்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் மட்டம் என்ன ஆகும் என்று மென்பொருள் சொல்ல வேண்டும். மேல் துண்டில் சொன்னபடி நடந்தது. நடுவில் குறைய வேண்டிய தண்ணீர் குறையவில்லை. கடையில் குறையக் கூடாத தண்ணீர் குறைந்தது.

திங்கட்கிழமை ரிவ்யூ. கோடுகள் ஒட்டவில்லையென்றால் இன்னொரு செமஸ்டர். அவள் வீட்டில் ஒரு செமஸ்டர் என்றால் அம்மா பூவாயி இன்னும் ஆறு மாதம் சொந்தத் துண்டு வயல் போக ஊரான் வயலிலும் குனிந்து நிற்பது.

இரண்டு வாரமாகச் சமன்பாட்டின் ஏ மேட்ரிக்ஸில் இருக்கிற எண்களைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ‘கசிவு’ என்று ஒரு எண்ணைச் செருகினாள். அதைப் பார்த்த அவளுடைய கைடு பத்ருன்னிசா மேடம், “ஏம்மா, ஒத்து வராத இடத்துலயெல்லாம் கசிவுன்னு போட்டா நான் எதுக்கு ரிவ்யூ வைக்கிறேன்? ஓட்டை எங்கன்னு காட்டு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓட்டையைத் தேடித்தான் பத்து மணிக்கு அஜ்மீர் வண்டியோடு வந்தான். புராஜெக்டில் அவள் கூட்டாளி, காரைக்கால் டவுன்காரன். சென்சார் எல்லாம் அவன் கட்டியது.

“சென்சார்ல நண்டு குடித்தனம் பண்ணுதோ என்னவோ” என்றான்.

“உன் ஒயரிங்குக்கு நண்டே வராதுடா. வண்டியை எடு.”

மூன்று மதகையும் பார்த்தார்கள். சென்சார் சுத்தம். அளவுகோலை விட்டுப் பார்த்தால் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. கரையில் ஓட்டையும் இல்லை, எலி வளையும் இல்லை. கடை மதகுக்குப் பக்கத்து வயலில் ஆறு பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பூவாயியும் ஒருத்தி.

“என்னத்தடி தேடுறீங்க, நகை கிகை விழுந்துடுச்சா?”

“செவ்வாக்கெழமை காலையில இங்க தண்ணி கொறைஞ்சிருக்கும்மா. எங்க போச்சுன்னு தெரியல.”

பூவாயி நிமிர்ந்து, கையிலிருந்த கோரையைக் கரையில் வீசினாள். “எங்க போவும்? நம்ம வயலுக்குத்தான் போச்சு. நாந்தானே மடையைத் தொறந்தேன்.”

“செவ்வாக்கெழமை மாரிக்கண்ணு சித்தப்பாவோட தண்ணி முறையாச்சே!”

“ஆமா. அதை நாம கைமாத்தா வாங்குனோம். பயிரு வாடுச்சுல்ல?”

தாமரைச்செல்வி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். பாசன சங்கத்துச் சுவரில் டைப் அடித்து ஒட்டியிருந்த முறைப் பட்டியலை போட்டோ எடுத்து, எந்த மடை எந்த நேரம் திறக்கும் என்று அதிலிருந்துதான் உள்ளீடு கொடுத்திருந்தாள். முறைத்தண்ணீரை ஊரில் கைமாற்றிக்கொள்வது அவளுக்குப் புதிதா? இந்த வயல் தண்ணீரில் வளர்ந்தவள். ஆனால் காகிதத்தில் அச்சடித்திருந்ததும் நம்பிவிட்டாள். கோளாறு வாய்க்காலிலும் இல்லை, சமன்பாட்டிலும் இல்லை. சுவரில் ஒட்டிய பட்டியலில் இருந்தது.

“ரெண்டு வாரமா மண்டையை ஒடைச்சுக்கிறேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீ என்னைக்குடி கேட்ட? பொட்டிக்குள்ள தண்ணி ஓடுதுன்ன. சரி, அது வேற தண்ணியாக்கும்னு நெனச்சேன்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்தது. அஜ்மீர் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கை களை பறிக்க, வாய் தேதி சொன்னது. வியாழக்கிழமை யார் யாருக்குக் கொடுத்தது, எந்த மடை, எப்போது திறந்து எப்போது அடைத்தது. எங்கேயும் எழுதி வைக்காத கடன். ஆனால் ஒருத்தி தப்பாகச் சொன்னால் இன்னொருத்தி திருத்தினாள். தாமரைச்செல்வி வரப்பில் உட்கார்ந்து உள்ளீடு முழுவதையும் மாற்றிப் போட்டாள். கசிவு எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டினாள்.

கோடுகள் ஒட்டின. செவ்வாய்க்கிழமைக் கோடு மட்டும் கடைத் துண்டில் ஒன்பது சென்டிமீட்டர் விலகி நின்றது.

“அம்மா, செவ்வாக்கெழம எத்தன மணி நேரம் தொறந்திருந்துச்சு?”

“நாலு. காலையில ஆறுக்குத் தொறந்தேன். பத்து மணிக்கு டீ வந்ததும் போய் அடைச்சிட்டேன்.”

“ஆறு மணி நேரம் அண்ணி அது!” மேலக்கரையிலிருந்து குரல் வந்தது. மாரிக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இந்தச் சண்டை ஐந்து நாளாக ஓடுகிறது என்பது அப்போதுதான் தாமரைச்செல்விக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

“நாலுதான் கொழுந்தனாரே. ஒங்க கண்ணுக்கு ஆளு மட்டும் ரெட்டையாத் தெரியல, மணியும் கூடுதலாத் தெரியுது.”

தாமரைச்செல்வி நான்கை ஐந்தாக்கினாள். கோடு கிட்ட வந்தது. ஆறாக்கினாள். சென்சார் கோட்டின் மேலேயே படிந்துவிட்டது. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கையே வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கசிவைப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அஜ்மீருக்குத் தெரியும். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, அன்னிக்கு டீ எத்தன மணிக்கு வந்துச்சு?”

“எப்பவும் வர்ற…” என்று ஆரம்பித்த பூவாயி நிறுத்தினாள். பக்கத்து வரிசையில் இருந்தவள் முந்திக்கொண்டாள். “செவ்வாக்கெழமதானே டீக்காரன் வண்டி பஞ்சரு? டீயும் சோறும் ஒண்ணா வந்துச்சே! பன்னெண்டு மணிக்கு நாம பசியில திட்டல?”



“ஆறு மணி நேரந்தாம்மா” என்றாள் தாமரைச்செல்வி.

பூவாயி மகளை மேலும் கீழும் பார்த்தாள். “இதுக்குத்தாண்டி உன்னைப் படிக்க வச்சேன். பெத்தவளுக்கு எதிரா சாட்சி சொல்ல.” சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “சரி கொழுந்தனாரே, ஆறுதான். டீக்காரனை நம்பிக் கெட்டேன்.”

“அந்தப் பொட்டிக்கு ஒரு கும்புடு போடணும் அண்ணி” என்றார் மாரிக்கண்ணு. கரையில் உட்கார்ந்து, அவர்கள் தூக்குவாளியிலிருந்தே டீ வாங்கிக் குடித்தார். ஐந்து நாள் கழித்துக் குடித்த டீ.

திங்கட்கிழமை பத்ருன்னிசா மேடம் ஒட்டியிருந்த கோடுகளைக் கிட்ட வைத்துப் பார்த்தார். “இந்த மடை நேரத்துக்கெல்லாம் ஆதாரம்?”

“களை பறிக்கிற ஆறு பேர் மேடம். அதுல ஒருத்தங்க எங்கம்மா.”

“அப்படியே எழுது. நேரில் கேட்டதுன்னு போடு, பேரும் போடு.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினபோது இடுப்பு வலி இன்னும் இருந்தது. ஆனால் நடை லேசாக இருந்தது. பூவாயி வாசலிலேயே கேட்டாள். “பாஸா?”

“பாஸும்மா. உன் பேரும் அதுல இருக்கு.”

“பாக்கிக்காரின்னா போட்டிருக்க?” பூவாயி கைகால் கழுவப் போனாள். போகிற போக்கில் சொன்னாள், “நம்ம முறை வந்தாத்தான் அதைத் திருப்பிக் குடுக்க முடியும், இன்னும் எட்டு நாள் இருக்குடி. அதுவரைக்கும் ஆத்துலேர்ந்து வாய்க்கால்ல தண்ணி விடணுமே.”

மாரிக்கண்ணு வீட்டுக்குப் பூவாயி வீடு ஆறு மணி நேரத் தண்ணீர் பாக்கி.