நாலேகால் மணிச் சிமிட்டல்

எங்கள் கருவியில் மூன்று பேருடைய வேலை இருந்தது. கெய்ரோவின் ஷுப்ராவில், எங்கள் அலுவலக மொட்டைமாடியிலிருந்து நைலுக்கு அப்பால் இம்பாபாவில் ஒரு கிடங்கின் மாடி வரை, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியில் தகவல் போகும். ஒளியை அனுப்பும் பகுதி டாக்டர் வக்தியுடையது. நிறுவனமும் அவருடையதுதான். ஒளி தடைபட்டால் அந்தக் கணமே வேலையை ஏற்றுக்கொள்ளும் வயர்லெஸ் பகுதி என்னுடையது. காற்றிலும் வெயிலிலும் கட்டடங்கள் மயிரிழை அசையும். அந்த அசைவுக்கு ஏற்பத் திரும்பி, ஒளியை இலக்கிலேயே வைத்திருக்கும் நகத்தளவு கண்ணாடி இனாஸுடையது.

காப்புரிமை விண்ணப்பம் வியாழக்கிழமை போக வேண்டும். கண்ணாடி மட்டும் தகராறு செய்தது. தினமும் மாலை நாலேகால் மணிவாக்கில் ஒளி துண்டு துண்டாகச் சிமிட்டும். அரை மணி நேரத்தில் நானூறு, ஐந்நூறு சிமிட்டல்கள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல நின்றுவிடும். வெயில் தாழும்போது இரும்புச் சட்டம் சுருங்குகிறது, கண்ணாடியின் மோட்டார் தடுமாறுகிறது என்று முடிவு செய்தோம். மோட்டாரை இரண்டு முறை மாற்றினோம். சட்டத்தைச் சுற்றிக் கம்பளி கட்டினோம்.

"இங்க பாரு இனாஸ்," என்றார் டாக்டர் வக்தி. "வெளிநாட்டுல ரெடியா விக்கிற கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கலாம். விண்ணப்பத்துல உன் பகுதிய எடுத்துடறேன். கோச்சுக்காத."

பகுதி போனால் பெயரும் போகும். இனாஸ் அந்தக் கண்ணாடிக்கு இரண்டு வருடம் கொடுத்திருந்தாள். எனக்கு, உண்மையைச் சொன்னால், பெரிய வருத்தம் இல்லை. மூன்று பெயரை விட இரண்டு பெயர் பார்க்க நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பதிவுத்தாளை என் மேசையில் விரித்தாள்.

"ஹாத்தம், நேத்து பாரு. ஒரு சிமிட்டல்கூட இல்ல."

"நல்லதாப் போச்சு."

"நேத்து நாலு மணிக்கு என்ன நடந்துச்சு?"

"அஹ்லி–ஸமாலேக் ஃபுட்பால் மேட்ச். ஊரே டிவி முன்னாடி கிடந்துச்சு."

"அதான். இரும்புச் சட்டம் மேட்ச் பாக்குமா?"

அன்று மாலை நாலேகாலுக்கு இருவரும் மாடியில் நின்றோம். மூன்று கட்டடம் தள்ளி, மரச்சட்டங்களால் கட்டிய உயரமான புறாக்கூடு ஒன்று இருந்தது. தினமும் பார்ப்பதால் நாங்கள் யாரும் பார்த்திராத கூடு. அதன் உச்சியில் ஒரு மனிதர் சிவப்புக் கொடியை ஆட்ட, அறுபது எழுபது புறாக்கள் எழும்பிப் பெரிய வட்டமடித்தன. வட்டத்தின் மேல் விளிம்பு நைலை நோக்கிய எங்கள் ஒளிப்பாதையில் விழுந்தது. இனாஸின் கைபேசியில் சிமிட்டல்கள் கொட்டத் தொடங்கின.

அந்த மாடிக்கே போனோம். அவர் பெயர் உஸ்தா பையூமி. தச்சு வேலை; கைத்தொழில்காரரை இங்கே மரியாதையாக உஸ்தா என்பார்கள். ஏணியிலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"என் வானத்துக்குள்ள வெளக்கு அடிக்கிறீங்க. ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல?"

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உஸ்தா. புறாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"தெரியாததுன்னா கேக்காம அடிக்கலாமா? நல்லாருக்கே எஞ்சினியரம்மா உங்க படிப்பு!"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். புதன்கிழமை நண்பகலில் ஐந்து நிமிடம் புறாக்களைப் பறக்கவிட வேண்டும். சிமிட்டலும் நண்பகலுக்கு நகர்ந்தால் கண்ணாடி மேல் பழியில்லை என்று ஆகிவிடும்.

"மத்தியானமா?" என்றார் அவர். "காலைல தீனி வச்சிருப்பேன்மா. வயிறு ரொம்பின புறா கொடிய மதிக்காது. சாயங்காலம்னா பசியில தானா எறங்கும். அந்தா, ஷவ்கி கூடு தெரியுதா? கொய்யா மரத்துக்குப் பின்னாடி. ஒண்ணு வழி தப்பினா அவன் தன் கூட்டத்த ஏத்தி இழுத்துக்குவான். அவன் கூரையில எறங்கினது அவனோடது. இங்க அதான் சட்டம்."

"இல்லன்னா என் பேரு தாள்ல வராது உஸ்தா. ரெண்டு வருஷ வேல."

அவர் கொடியைக் கம்பில் சுருட்டிக்கொண்டே யோசித்தார். புறா போனால் தெருவில் வளர்த்தவன் பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். பெயர் என்பது அவருக்கு விளக்க வேண்டிய சமாசாரம் இல்லை.

"அஞ்சு நிமிஷம். ஆறாவது நிமிஷம் கெடையாது."

புதன்கிழமை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இனாஸ் பையூமிக்குப் போன் செய்தாள். டாக்டர் வக்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி ஆடியது. சிமிட்டல்கள் வந்தன. ஐந்து நிமிடத்தில் பறவைகள் இறங்கின, ஒளி சீரானது. டாக்டர் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார்.

"ஒரு தடவைன்னா தற்செயலா இருக்கலாமே டாக்டர்," என்றேன் நான்.

அது தப்பான பேச்சு இல்லை. எந்தச் சோதனையிலும் கேட்கக்கூடிய கேள்விதான். டாக்டரும், "ஆமா, இன்னொரு தடவ பாத்துடலாம்," என்றார். இனாஸ் என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி போன் செய்தாள். பையூமி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள், "தெரியும் உஸ்தா. தெரியும்," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது முறையும் சிமிட்டல்கள் வந்தன. அவை ஓய்வதற்குள் கொய்யா மரத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் எழும்பியது. இரண்டு கூட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பிரிந்தன. பையூமி விசிலடித்தார், கொடியை வீசினார், தகர டப்பாவைத் தட்டினார். அவருடைய கூட்டம் திரும்பியது. கறுத்த உடம்பும் வெள்ளை வாலுமாக ஒன்று மட்டும் அடுத்த கூட்டத்தோடு போய் இறங்கியது.

"சரி, கண்ணாடி சுத்தம்," என்றார் டாக்டர். "மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து முடிந்ததும் இனாஸ் என்னையும் இழுத்துக்கொண்டு ஷவ்கியிடம் போனாள். அவர் நாற்காலி போட்டார், புதினா போட்ட தேநீர் கொடுத்தார், டாக்டர் வக்தியின் முதுகுவலியைக்கூட விசாரித்தார். புறாவைக் கேட்டதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கேட்டா என் கண்ணத் தருவேன்மா. புறா மட்டும் முடியாது. குடுத்தா நாளைக்கு பையூமியே என்னப் பாத்து சிரிப்பான்."

அது உண்மைதான். பையூமியிடம் சொன்னபோது அவர் எரிந்து விழுந்தார். "யாரு உன்ன கேக்கச் சொன்னா? மானத்த வாங்கிட்டியே! இப்ப அதோட றெக்கையக் கட்டி ஒரு மாசம் வச்சிருப்பான். அப்புறம் பறக்க விடுவான். அதுக்கு வீடு ஞாபகம் இருந்தா வரும்."

விண்ணப்பம் மூன்று பெயர்களோடு போனது. ஒளிக்கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தினால் புறாத் தொல்லை இருக்காது என்று டாக்டர் சொன்னார். இனாஸ் வேண்டாம் என்றாள். சிமிட்டல் இருந்தால்தான் வயர்லெஸ் பகுதிக்குத் தினமும் நல்ல சோதனை என்று காரணம் சொன்னாள். என் பகுதிக்காக அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

பையூமி சொன்ன ஒரு மாதம் டிசம்பரோடு முடிந்தது. ஜனவரியில் ஒரு நாள் முற்பகல் பதினொன்றரைக்கு அவள் கைபேசி ஒலித்தது. ஒரே ஒரு சிமிட்டல். கூட்டமில்லை. தனியாக ஏதோ ஒன்று ஒளியைக் கடந்திருந்தது. அவள் உடனே போன் செய்தாள்.

"உஸ்தா, கூரையப் பாருங்க! நம்ம பக்கமாத்தான் ஏதோ வருது."

ஏணி கிறீச்சிடுவது எனக்குக்கூடக் கேட்டது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம்.

"காக்கா, எஞ்சினியரம்மா."

"ஓ."

"பரவால்ல. நாளைக்கும் சொல்லு."

அவள் பதிவுத்தாளில் நேரத்தை எழுதினாள். எதிரே, காரணம் என்ற கட்டத்தில், காக்கை என்று குறித்தாள்.