ஹெட்டியின் முன்பல்

1

இந்தக் கதை எனக்கு நண்டு தின்கிற மேசையில் கிடைத்தது. அமெரிக்காவில், மேரிலாண்டின் கிழக்குக் கரையில் இருபது வருடமாக இருக்கிறேன். கோடையில் இங்கே எல்லாச் சங்கதியும் பழைய செய்தித்தாள் விரித்த மேசையில், மரச் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில்தான் கிடைக்கும். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து முதல் வரி எழுதினேன்:

அமாவாசை இருட்டு. சதுப்பு நிலத்தில் நாய்கள் குரைத்தன. ஹெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு—

அடித்துவிட்டேன். அன்றைக்கு நிலா இருந்ததா, நாய் இருந்ததா, எனக்குத் தெரியாது. வாரப் பத்திரிகைத் தொடர்களைத் தின்று வளர்ந்து, அதே மாதிரி எழுதிப் பிழைப்பவனுக்கு நாயில்லாமல் ஒரு துரத்தல் எழுதுவது உப்பில்லாமல் ரசம் வைப்பது மாதிரி. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் கீயோனா என்னோடு பேசமாட்டாள். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

கீயோனா மொல்லாக், வயது இருபது. கல்லூரி விடுமுறையில் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பயிற்சி மாணவி. ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில், அடிமைப்படுத்தப்பட்டு, விடுதலை தேடிப் புறப்பட்டவர்களின் வாழ்க்கையைத் தேடி எடுப்பது அவள் வேலை. எஜமானர்கள் கொடுத்த தேடல் விளம்பரம், பிடிபட்டவர்களைப் பற்றிச் சிறைக்காரர்கள் செய்தித்தாளில் கொடுத்த அறிவிப்பு, இரண்டையும் பொருத்திப் பார்த்து இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும்.

(‘ஓடிப்போனவள்’ என்ற சொல் அந்த அறையில் கூடாது. அது எஜமானன் சொல். வாய் தவறினால் அன்று எல்லோருடைய காப்பிக் குவளையும் கழுவ வேண்டும். கதை தேடி அங்கே போய் உட்காரும் நானே இரண்டு தடவை கழுவியிருக்கிறேன்.)

அவளுக்குக் கிடைத்த பெயர் ஹெட்டி செஃபாஸ். படகுத்துறையில் ஹெட்டிக்கு ஒரு நினைவுப் பலகை நடப்போகிறார்கள். வாசகம் வெள்ளிக்கிழமை வார்ப்படச் சாலைக்குப் போகிறது. இரும்பில் வார்த்துவிட்டால் அப்புறம் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. கீயோனா எல்லாம் எழுதிவிட்டாள், கடைசி வரியைத் தவிர. கடைசி வரி ஏழு வருடத்துக்கு முன்பே முடிவானது: ‘தெற்கே பிடிபட்டாள்.’

முடிவு செய்தவர் காப்பகத் தலைவி மிஸ் வெர்னெட்டா. விளம்பரத்தில் ஹெட்டியின் உடை: நீலக் கோடு போட்ட பாவாடை, அதில் மஞ்சள் ஒட்டு, தலையில் ஆண்கள் போடும் கறுப்புத் தொப்பி. தெற்கு மாவட்டச் சிறையின் அறிவிப்பில் பிடிபட்ட பெண்ணின் உடை: அதே பாவாடை, அதே ஒட்டு, அதே தொப்பி. உடை பொருந்தினால் ஆள் பொருந்தும். அந்த அறையில் அப்படித்தான் வேலை நடக்கும்.

“மிஸ் வெர்னெட்டா, இவ பிடிபட்டிருக்க மாட்டான்னு எனக்குத் தோணுது.”

“எனக்குந்தான் கண்ணு ஆசையா இருக்கு. ஆசைய இரும்புல வார்க்க முடியாதே.”

3

வியாழக்கிழமை நண்பகல், தேவாலயத்துத் தோட்டத்தில் நண்டு விருந்து. மேசைக் கோடியில் நானும் இருந்தேன். கீயோனாவின் பக்கத்தில் ஓரின், சக பயிற்சி மாணவன். கான்சாஸ்காரன், கடலையே இந்த வருடம்தான் பார்த்திருக்கிறான்.

“சுத்தியல் எதுக்கு வச்சிருக்கு, கதவு தட்டவா?” என்றாள் கீயோனா.

“எங்க ஊர்ல சோத்த அடிக்கிற பழக்கம் இல்ல.” கொடுக்கை வாயில் வைத்து ஒரு கடி கடித்தான்.

கடக் என்று சத்தம் வந்தது. உடைந்தது கொடுக்கு இல்லை.

“காட்டு,” என்று எட்டிப் பார்த்தார் மிஸ் வெர்னெட்டா. “முன்பல்லு பாதி போச்சு. ஐஸ் வை. நண்டு ஜெயிச்சிருச்சு.”

“ஞாயித்துக்கிழம எங்கம்மா வீடியோவுல கூப்பிடுவாங்க,” என்று ஓரின் பொக்கை வழியாகக் காற்று விட்டான். “புதுச் சட்ட போடலாம், தொப்பி போடலாம். இந்த ஓட்டைய எங்க கொண்டுபோய் மறைப்பேன்?”

கீயோனாவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

(பல் இவ்வளவு வசதியாக உடையுமா என்று நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். பல்லை எடுத்துவிட்டு ஒரு தடவை எழுதினேன். கீயோனா தானாகவே திடீரென்று யோசிக்கிறாள் என்று வந்தது. கதை உட்கார்ந்துவிட்டது. பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன்.)

4

“நண்டுக் கையோட உள்ள வராதே,” என்று வாசலிலேயே மறித்தார் மிஸ் வெர்னெட்டா. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தாள் கீயோனா.

எஜமானனின் விளம்பரம்: ‘மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை.’

சிறை அறிவிப்பு: ‘பற்கள் முழுமையாகவும் அழகாகவும் உள்ளன; பேசும்போது சிரிக்கிறாள்.’

“பாவாடைய மாத்திக்கலாம். பல்லு மறுபடி மொளைக்குமா?”

மிஸ் வெர்னெட்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஏழு வருடமாக எத்தனையோ தடவை படித்த வரிகள். உடையைத் தேடிய கண்ணுக்குப் பல் தெரியவில்லை.

“சிறைக்காரன் வாயப் பாக்காமலே எழுதியிருப்பான். அந்த ஆளுக எழுதினத எந்த அளவு நம்புறது? இது ஒண்ணு மட்டும் பத்தாது.”

அவர் சொன்னது சரி. அதுதான் கீயோனாவுக்கு எரிச்சல்.

(தொடராக இருந்தால் இந்த இடத்தில் ‘அப்போது கதவு தட்டப்பட்டது’ என்று போட்டு உங்களை ஒரு வாரம் காக்க வைத்திருப்பேன். யாரும் தட்டவில்லை.)

வெள்ளி காலை, கன்னத்தில் வீக்கத்தோடு ஓரின் பழைய இதழ்களின் படச்சுருளை உருட்டிக்கொண்டிருந்தான். பொருந்திய ஆளுக்கு மேற்கொண்டு தேடக் கூடாது என்பது அங்கே வழக்கம், நேரம் வீண். அதனால் சிறை அறிவிப்புக்குப் பிறகு வந்த இதழ்களில் ஹெட்டியை யாரும் தேடியதே இல்லை.

“ஏ, மொல்லாக், இங்க வா. உன் ஆளு.”

அதே விளம்பரம், அதே முன்பல். சிறை அறிவிப்பு வந்து மாதக்கணக்கான பிறகும். பரிசுத் தொகை மட்டும் இரட்டிப்பாகியிருந்தது.

“புடிச்சு வச்சிருக்கறவன்,” என்றாள் கீயோனா மெதுவாக, “எதுக்குப் பரிசக் கூட்டறான்?”

மிஸ் வெர்னெட்டா எழுந்தார். ஹெட்டியின் அட்டையை எடுத்தார். தன் கையெழுத்தில் இருந்த ‘பிடிபட்டாள்’ என்ற சொல்லைப் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்து அடித்தார். பிறகு எல்லோருடைய காப்பிக் குவளையையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

“மிஸ் வெர்னெட்டா, நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலையே,” என்றான் ஓரின்.

“ஏழு வருஷமா சொல்லியிருக்கேன்டா. நகரு.”

5

அப்படியானால் சிறையில் சிரித்தது யார்?

தன் பெயர் ஈஸ்டர் பிண்டர், தான் பிறவியிலேயே சுதந்திரமானவள் என்று அவள் சொன்னதாக அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அதைப் பொய்ப்பெயர் என்று எல்லோரும் ஒதுக்கியிருந்தார்கள். மதியத்துக்குள் அந்த மாவட்ட நீதிமன்றப் பதிவில் ஈஸ்டர் கிடைத்துவிட்டாள்: அண்டை வீட்டார் வந்து சாட்சி சொல்ல, விடுவிக்கப்பட்டாள்.

“ஹெட்டி பாவாடையக் கட்டிக்கிட்டு, ஹெட்டி தொப்பியப் போட்டுக்கிட்டு, தேடறவனுங்களத் திசை திருப்ப, நாலு பேரு பாக்கத் தெற்க நடந்திருக்கா,” என்றாள் கீயோனா. “சாட்சி வராட்டி இவளையே வித்திருப்பானுங்க. தெரிஞ்சேதான் நடந்திருக்கா.”

“இல்ல, பாவாடையச் சந்தையில வாங்கியிருப்பா,” என்றான் ஓரின்.

“அந்தத் தொப்பியோடயா?”

“சரி, தொப்பி இடிக்குது.”

இங்கே ஒரு காட்சி எழுதினேன். ஓடைக்கரையில் இரண்டு பெண்கள் உடை மாற்றிக்கொள்கிறார்கள். ஈஸ்டர் தொப்பியைச் சாய்த்து வைத்து, “எனக்குத்தான் எடுப்பா இருக்கு,” என்கிறாள். ஹெட்டி பொக்கை தெரியச் சிரிக்கிறாள். பிறகு ஒருத்தி தெற்கே, ஒருத்தி—

கீயோனாவிடம் காட்டினேன். படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். “நல்லாருக்கு. ஆனா இது உங்க ஓடை. அவங்க ஓடை இல்ல,” என்றாள். காட்சியை இங்கேயே விட்டு வைக்கிறேன். என் ஓடை என்று தெரிந்தே படியுங்கள்.

6

நான்கு மணிக்கு வார்ப்படச் சாலையிலிருந்து அழைப்பு. கடைசி வரி எங்கே என்று கேட்டார்கள்.

“‘வடக்கே விடுதலையடைந்தாள்’னு போடலாமே,” என்றான் ஓரின்.

“ஆதாரம்?” என்றாள் கீயோனா. மிஸ் வெர்னெட்டா அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மதியத்திலிருந்து வடக்கே நகரம் நகரமாகத் தேடியிருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கு, தேவாலயப் பதிவு, கல்லறை, எதிலும் ஹெட்டி செஃபாஸ் இல்லை. இந்தத் தொழிலில் அதற்குத் தோல்வி என்று பெயர். கீயோனா வெறும் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே தட்டினாள்.

செப்டம்பரில் படகுத்துறையில் திரையை விலக்கினார்கள். தேவாலயப் பாடகர் குழு பாட வாயெடுத்து, கடைசி வரியைப் படித்ததும் பாட்டை மறந்து கை தட்டியது. ஓரின் புதுப் பல்லோடு விசில் அடித்தான். பலகையில் இரண்டு பெயர்கள்: ஹெட்டி செஃபாஸ், ஈஸ்டர் பிண்டர். கடைசி வரி:

‘ஹெட்டியைத் தேடினார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்களாலும்.’

7

முடிவு என்று மூன்று எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கனடாவில் தையற்கடை வைக்கிறாள். ஒன்றில் ஃபிலடெல்ஃபியாவில் பேரக்குழந்தைக்கு ஈஸ்டர் என்று பெயர் வைக்கிறாள். மூன்றாவதில், ஒரு கப்பல் தளத்தில்—

மூன்றையும் கிழித்துப்போட்டேன். கடைசி அத்தியாயத்தில் ஆளைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒருவரையும் தப்பவிட்டதில்லை. ஹெட்டி எங்கே போனாள், என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்று ஒரு வரி எழுதினால் போதும், எஜமானனால் முடியாததை நான் செய்து முடித்தவனாவேன்.

எழுதமாட்டேன். உங்களுக்குத் தோன்றுகிற இடத்தில் அவளை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.