எதிர்வீட்டுக் கடலைக் கிண்டுதல்

எதிர்வீட்டுக்குத் தென்துருவக் கடல் குடிவந்ததிலிருந்து ரெஜினாவின் வீட்டில் தோசை மாவு புளிக்கவில்லை. குளிர் அப்படி. மற்றபடி தொந்தரவு இல்லை. குடியிருப்புக்கே நல்ல காற்று வந்தது.

காற்றைத் தந்தவர் இக்னேஷியஸ். அந்தக் கடலில் வாழும் நுண்பாசி. கண்ணாடி ஓடு போட்டிருப்பார். வந்த புதிதில் பீரோ உயரம் இருந்தார். இப்போது நெல்லிக்காய் அளவு.

"மேல்வீட்டுப் பனிக்கட்டி உருகுதுல்லா," என்றார். "நான் நிக்கிற இடமெல்லாம் நல்லதண்ணி ஆயிட்டு. சாப்பாடு அடியில உப்புத்தண்ணியோட கெடக்கு. ஏறி வரமாட்டேங்கு."

"அதுக்காகச் சுருங்கணுமா?"

"சின்ன ஆளுக்குக் கொஞ்சம் போதும்."

மாடிப்படியில் கூனி இறால் அக்கா தட்டோடு நின்றாள். கீழ்வீட்டில் திமிங்கிலம் காத்திருந்தது. இக்னேஷியஸைக் கூனி தின்னும். கூனியைத் திமிங்கிலம் தின்னும். ஏற்பாடு அது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

"இம்புட்டுப் பொடிசை எப்படிப் பிடிக்க?" என்றாள் கூனி அக்கா. "என் கால் இடுக்குல நழுவிருவாரு. பிள்ளைங்க முந்தாநாள்லருந்து பட்டினி."

இக்னேஷியஸைப் பெரியவராக்கியே தீர்வதென்று ரெஜினா முடிவு செய்தாள். துருப்பிடித்த கேட்டைச் சுரண்டி, ஒரு சிட்டிகை இரும்பு போட்டாள். அவருக்கு அது சத்து. பிறகு அண்ணனின் துடுப்பைக் கொண்டுவந்து கடலைப் பலமாகக் கலக்கினாள். அடியிலிருந்த சாப்பாடு மேலே வந்தது. இக்னேஷியஸ் கீழே போய்விட்டார்.

"ரெஜினா, இருட்டு!"

வெயில் இல்லாமல் அவர் வளர முடியாது. அவள் நிறுத்தினாள். அவர் மேலே வந்தார். சாப்பாடு கீழே போயிற்று.

தன் கையில்தான் கோளாறோ என்று நினைத்தாள். கடலிலும் கோளாறு இருக்கலாம். முதலில் கையைச் சரிபார்ப்பதுதான் முறை. வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். கேப்பைக்கூழ் அடிப்பிடிக்காமல் கிண்டுகிற வேகம் கைக்கு வந்ததும் சாப்பாடு ஏறியது. இக்னேஷியஸ் இறங்கவில்லை. எலுமிச்சை அளவானார்.

"எப்ப நிறுத்துவ?" என்று கேட்டார்.

"நிறுத்த மாட்டேன்."

கூனி அக்கா அவரைக் காலால் அளந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வளரணும்."

திமிங்கிலம் தலையால் தன் வீட்டுக் கூரையை முட்டியது. "ஆச்சா?"

"கிண்டிட்டு இருக்கேன்!" என்று ரெஜினா தரையைப் பார்த்துக் கத்தினாள்.

அப்போது அவள் வீட்டிலிருந்து மதினியின் குரல் வந்தது.

"ஏட்டி ரெஜினா! மாவு பொங்கிட்டு! சட்டி நிறைஞ்சு வழியுது!"

குளிர் விட்டதென்று குடியிருப்பே கைதட்டியது. யாரோ சட்னிக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

இக்னேஷியஸ் மேலே பார்த்தார். மேல்வீட்டுப் பனிக்கட்டி இருந்த இடத்தில் வானம் இருந்தது. கூனி அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூடா ஒரு தோசை தின்னுட்டுப் போ, ஏட்டி!" என்றாள் மதினி.

ரெஜினா காலால் கதவைச் சாத்தினாள். வேகம் மாறாமல் கிண்டினாள்.