பழைய மெஷின் வெட்டிய பெயர்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஹரோல்டின் கடையிலிருந்து அந்தப் பெயர் வெட்டும் மெஷினை ஓட்டோவில் ஏற்றி மருதனார்மடத்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து கேதீஸ்வரனுக்கும் அதற்கும் ஒரே மல்லுக்கட்டு. இருபது வருடத்துப் பழைய சாமான். கிண்ணம், தட்டு, வெற்றிக் கேடயம், வாசல் பலகை, எதைக் கொடுத்தாலும் வைர ஊசியால் பெயர் வெட்டும் என்று ஹரோல்ட் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். மெஷின் அப்படி எந்தச் சத்தியமும் பண்ணவில்லை. மூன்று கிழமையாக மேசையில் குந்திக்கொண்டு அவனைப் பார்த்தபடி சும்மா இருந்தது.

முதலில் புது மடிக்கணினியில் பூட்டப் பார்த்தான். அதன் வயருக்குப் பொருந்துகிற துவாரமே இப்போதைய கணினிகளில் இல்லை. மாற்று வயர் ஒன்று வாங்கிப் போட்டான், மெஷின் சட்டைசெய்யவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட கிழட்டுக் கம்பியூட்டரைத் தேடி எடுத்து, ஹரோல்ட் செய்த வேலைகளெல்லாம் பதிந்திருந்த பழைய டிஸ்க்கை அதற்குள் மாட்டினான். உள்ளே நேரத்தைக் காக்கிற காசளவு பட்டறி செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு முறை போடும்போதும் கம்பியூட்டர் தன்பாட்டுக்கு 2002ஆம் ஆண்டுக்குப் போய் நின்றது. பட்டறியை மாற்றினால், மென்பொருள் சாவி கேட்டது. சாவி என்பது தீப்பெட்டியளவில் ஒரு கட்டை. வயருக்கும் கம்பியூட்டருக்கும் நடுவில் அதைச் செருகாவிட்டால் மென்பொருள் வாயே திறக்காது. ஹரோல்ட் அதைக் கொடுக்க மறந்துவிட்டு, பிறகு தன் மேசை லாச்சிக்குள் கிடந்ததென்று பஸ்ஸில் அனுப்பிவைத்தார்.

இவ்வளவு பாடுபட்டு எவன் இதை ஓட்டுவான் என்று கேட்கலாம். கேதீஸ்வரனுக்கு முப்பத்தெட்டு வயது. ரேடியோ, தண்ணீர் மோட்டர், தையல் மெஷின் என்று கைக்கு வந்ததையெல்லாம் திருத்திச் சீவிக்கிறவன். கனடாவில் இருக்கும் தங்கை கஜானி ஆறு வருடமாக அவனைக் கூப்பிடுகிறாள். அவன் போகவில்லை. போகாததற்கு ஒரே காரணம் அம்மா இரத்தினம்மா.

2009இல் போரின் கடைசியில் வன்னியிலிருந்து உயிர் தப்பிய அவன், புத்தளத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேறு பெயரில் மூன்று வருடம் ஒளிந்திருந்தான். வீட்டுக்குக் கடிதம் போட்டால் வீட்டாருக்குத்தான் ஆபத்து என்று ஒரு வரிகூட எழுதவில்லை. திரும்பி வந்தபோது ஊர் உலகம் முழுக்க அவன் செத்துவிட்டான் என்று கைகழுவியிருந்தது. அம்மா மட்டும் கைவிடவில்லை. அப்படித்தான் கஜானி அவனுக்குச் சொல்லியிருந்தாள். உலகத்தில் ஒரு ஆளாவது தன்னைச் சாகவிடவில்லை என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவன் காலையில் எழும்புகிறான், வேலைக்குப் போகிறான், சோறு தின்கிறான். அந்த ஆளை விட்டுவிட்டுப் பனிக்குள் போய் என்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிபோல மென்பொருள் ஒருவழியாக மெஷினை அடையாளம் கண்டது. ஊசி தன்பாட்டுக்கு மூலைக்குப் போய், ஒருமுறை ஆடி நின்றது. கேதீஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். பழைய வேலைகளின் பட்டியலைத் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் குப்பை எழுத்து. அது பட்டியலில் மட்டும்தான், வெட்டும்போது சரியாக வரும் என்று ஹரோல்ட் முன்பே சொல்லியிருந்தார். ஆகக் கடைசியாகச் செய்த வேலையைத் தெரிவுசெய்து, ஒரு பித்தளைத் துண்டை இறுக்கிப் பிடிக்கவைத்து, பொத்தானை அழுத்தினான்.

ஊசி கிறீச்சென்று இறங்கியது. முதல் வரி: அமரர். அவனுக்கு அது ஆச்சரியமில்லை. இந்த மாதிரி மெஷின்களுக்குப் பாதி வேலை செத்தவர்களாலேதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குச் செத்தவரின் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணமோ தட்டோ கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு துகளை ஊதிவிட்டான்.

இரண்டாவது வரி: சீவரத்தினம்.

அப்பாவின் பெயர். அதுவும் பரவாயில்லை, யாழ்ப்பாணத்தில் சீவரத்தினங்களுக்கா பஞ்சம்? ஊசி ஓர் இடம் விட்டு நகர்ந்து, கே, தீ, ஸ் என்று போட்டது. அவன் ஊதுவதை நிறுத்தினான். வ, ர, ன். பெயர் முடிந்தது. ஊசி அடுத்த வரிக்கு இறங்கி, தோற்றம் என்று எழுதி, அவன் பிறந்த நாளை, மாதத்தை, ஆண்டைப் பிசகில்லாமல் வெட்டியது. மறைவு என்று எழுதி, 2009 மாசி இரண்டாம் திகதியை வெட்டியது. பிறகு மூலைக்குப் போய்ச் சமத்தாக நின்றது.

அவனுக்குக் காதுக்குள் இரைந்தது. பித்தளைத் துண்டைக் கழற்றி எடுத்தான். மூன்று தரம் வாசித்தான். தன்னுடைய சாவை ஆறுதலாக உட்கார்ந்து வாசிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தண்ணீர் குடிக்க எழும்பியவன், எதற்கு எழும்பினோம் என்று தெரியாமல் மறுபடி கதிரையில் இருந்தான். பிறகு ஹரோல்டுக்கு அழைத்தான்.

“என்ன தம்பி, ஓடிட்டுதோ?” ஹரோல்டின் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“ஓடிட்டுது அண்ணை. கடைசி வேலையைப் போட்டுப் பாத்தனான். ஒரு அமரருக்குக் கிண்ணம் வெட்டியிருக்கிறியள். ஆர் செய்விச்சதெண்டு ஞாபகமிருக்கோ?”

“ஏன் இல்லாமல்? ஐம்பத்தொரு கிண்ணம். அதோடைதானே மெஷின் படுத்தது, பிறகு நான் வேறை வாங்கிட்டன். கொழும்புத்துறையிலை வாடகைக்கு இருந்த ஒரு அம்மா. மகன்ரை பேர், என்ன பேரெண்டு இப்ப ஞாபகமில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை தம்பி, அதுதான் எனக்கு மறக்கேலாமல் கிடக்கு. வழக்கமா வெட்டுற சின்ன எழுத்தைக் காட்டினன், வேண்டாம் எண்டிட்டா. ‘பெரிசா, ஆழமா வெட்டுங்கோ, வாசல்லை நிண்டு பாத்தாலும் வாசிக்கத் தெரியவேணும்’ எண்டா. அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை.”

கேதீஸ்வரன் தொலைபேசியை வைத்துவிட்டான். அவன் வன்னியில் நின்ற காலத்தில் அம்மாவும் கஜானியும் கொழும்புத்துறையில் வாடகைக்கு இருந்தவர்கள். அவன் திரும்பி வருவதற்குள் அந்த வீட்டை விட்டு மருதனார்மடத்துக்கு வந்துவிட்டார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவன் கேட்டதே இல்லை. இப்போது விளங்கியது. அங்கே ஐம்பத்தொரு வீட்டில் அவன் செத்தவன். அவனை ஊர் கைகழுவியது அவனுக்கு ஒருநாளும் நோகவில்லை. அம்மாவும் கைகழுவியிருக்கிறாள், அதுவும் காசு கொடுத்து ஆழமாக வெட்டுவித்து.

இரத்தினம்மா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். பித்தளைத் துண்டை அவள் முன்னால் சுளகில் வைத்தான். அவளுக்குக் கண் அவ்வளவு தெரியாது; விரலால் தடவிப் பார்த்தாள். தடவிய விரல் நடுவழியில் நின்றுவிட்டது.

“இது எங்காலை?” என்றாள்.

“ஹரோல்டின்ரை மெஷினுக்குள்ளை இருந்தது. எனக்கு அந்தியேட்டியும் செய்தனீங்களோ?”

“ஓம்.”

“கீரிமலைக் கடற்கரையிலையோ?”

“ஓம். தர்ப்பையிலை உன்னைப் போலை செய்து எரிச்சு, எல்லாம் முறையாச் செய்தது.”

ஒரு பொய்யாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அது இல்லாமல் போனதில் அவனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. “நீங்கள் ஒருத்தியாவது நான் சாகேல்லை எண்டு இருந்தனீங்கள் எண்டுதானே நான் இந்த மண்ணிலை கிடக்கிறன்! கஜானி கூப்பிடக் கூப்பிடப் போகாமல் கிடந்தது ஆருக்காக? எல்லாம் கதையோ?” என்று கத்தினான். இவ்வளவு காலத்தில் அவளிடம் அவன் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

இரத்தினம்மா இலையைத் தள்ளிவைத்தாள்.

“நீ சாகேல்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றாள். “செய்யேக்கையே தெரியும்.”

“என்னெண்டு தெரியும்?” என்றான்.

“புத்தளத்திலை ஒரு பட்டறையிலை உன்னைக் கண்டதெண்டு வெங்காயம் ஏத்திற லொறிக்காரன் ஒருத்தன் வந்து சொன்னவன். அதுக்கு முதலே உன்னைக் கேட்டு சிவில் உடுப்பிலை ஆக்கள் வரத் தொடங்கிட்டினம். கிழமைக்கு ஒருக்கா, பிறகு ரெண்டு தரம். எங்கை, ஆரோடை கதைக்கிறான், கடிதம் வருதோ எண்டு கேள்வி. லொறிக்காரன் வந்து போன அண்டைக்குப் பின்னேரமும் வந்தவங்கள். எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. அவங்கள் போகேக்கை கஜானியைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். அவளுக்கு அப்ப பதினேழு. செத்தவனைத்தான் ராசா ஒருத்தரும் தேடி வரமாட்டினம். வெறும் வாயாலை சொன்னால் நம்புவாங்களோ? ஊரைக் கூட்டிச் செய்தன். வாசல்லை மேசையைப் போட்டுக் கிண்ணத்தை அடுக்கி வைச்சன், வாறவன் போறவன் எல்லாம் வாசிக்கட்டும் எண்டு. அவங்களிலை ஒருத்தன் வந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வாசிச்சிட்டு, அதையும் கொண்டு போனவன். பிறகு ஒருத்தரும் வரேல்லை.”

கேதீஸ்வரன் நிலத்தில் இருந்துவிட்டான். உயிரோடு இருக்கிறவன் என்று தெரிந்துகொண்டே, ஐயருக்கு முன்னால் ஈரச் சேலையோடு நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, பெற்ற பிள்ளையை எரித்திருக்கிறாள். இருந்தும் இவ்வளவு வருடம் ஒரு சொல் அவளுடைய வாயிலிருந்து வரவில்லை. அவன் தன்பாட்டுக்கு அவளைக் காவல் காக்கிறதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? உயிரோடை இருக்கிற பிள்ளைக்குப் பிண்டம் வைச்சனான் எண்டு தாய் வாய் திறந்து சொல்லுவாளோ?” அவள் வலக்கையை நீட்டிக் காட்டினாள். “பிண்டத்தைக் கடல்லை விட்ட கை இது. நீ வந்து சேர்ந்த நாளிலை இருந்து ஒரு இராத்திரி நான் ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை. உனக்கு ஒரு காய்ச்சல், ஒரு தடிமன் வந்தாலே, நான் வைச்ச பிண்டம்தான் உன்னைக் கூப்பிடுது எண்டு நினைப்பன். நீ இருமினால் எண்ணிக்கொண்டு கிடப்பன்.”

கேதீஸ்வரன் கிட்டப் போய் அவளுடைய கையைப் பிடித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, காலையிலிருந்து ஊதிய பித்தளைத் துகள் தொண்டைக்குள் கரகரத்து இருமல் முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணில் தண்ணீர் வரும்வரை அதை அடக்கிக்கொண்டு இருந்தான்.