மெழுகுக் கன்னம்

சவப்பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டு, சவச்சாலையை நடத்தும் பியூனரல் டிரெக்டர் இரண்டடி பின்னால் போய் நின்றார். யோகராஜா குனிந்து பார்த்தார். கூறைச்சேலை அவருடைய மனைவியுடையதுதான். கைகளும் அவளுடையவை. வலது பெருவிரலில் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்த தழும்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோ.

"அண்ணை, இது ஆர்?"

சபாரத்தினம் தம்பியின் தோளில் கை வைத்தார். "வதனாதான்ரா. வடிவாப் பார். உங்கட கலியாணப் படத்தைக் குடுத்து நான்தான் செய்யச் சொன்னனான். மெழுகு. எவ்வளவு நேர்த்தியாச் செய்திருக்கிறாங்கள்."

இடது கன்னம் நிறைந்து உருண்டிருந்தது. போன வருடம் புற்றுக்கட்டியைக் கண்ணோடும் மேல்தாடையோடும் வெட்டி எடுத்த இடத்தில் இப்போது மூடிய இமை ஒன்று, மயிர்கள் ஒட்டி. நாற்பத்தெட்டு வயதுக் கழுத்தின் மேல் இருபத்திரண்டு வயதுக் கன்னம். நடுநெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"என்னட்டை நீங்கள் கேக்கேல்லையே."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பாய்? சரியெண்டுதானே."

அது உண்மை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அண்ணை சொன்ன எல்லாவற்றுக்கும் யோகராஜா சரியென்றே சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்வது அந்த வீட்டில் சந்திரவதனாவின் வேலை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் வேலையை விட்டுவிடச் சொன்னார் சபாரத்தினம். முகத்தில் கறுப்புத் துணியாவது கட்டச் சொன்னார். ஏழாவது கிழமை அவள் ஒன்றும் கட்டாமல் அப்டன் பார்க் துணிக்கடைக்குப் போய் வழக்கமான இடத்தில் நின்றாள். வந்தவர்கள் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்கள். "என்ர முகத்தைப் பாக்க ஏலாட்டித் துணியைப் பாருங்கோ. துணி நல்ல துணி" என்றாள்.

பிறகு முப்பது நாள் கதிர்ச் சிகிச்சை. முகத்தில் மாவுக்கட்டு வைத்து அச்செடுத்து, அந்த அச்சில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் முகமூடி செய்தார்கள். ஒவ்வொரு நாளும் அதை அவள் முகத்தில் கவிழ்த்து மேசையோடு பூட்டுவார்கள், அசையக் கூடாதென்று. ராக்கைத் தட்டுகளில் அப்படி ஐம்பது அறுபது முகங்கள் வரிசையாக இருக்கும். இரண்டாம் நாள் அவள் தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்துத் தன் முகமூடியில் ஒட்டினாள்.

"ஏன் அது?" என்று கேட்டாள் மெசினை இயக்குகிற கத்தரின்.

"நாளைக்கு வேற ஆற்றையும் முகத்தை எனக்குப் போட்டு இறுக்கிப்போடுவியள். அதுக்கு."

கத்தரின் சிரித்தாள். அவள்தான் ஜப்பானைப் பற்றியும் சொன்னவள். இரண்டு வருடமாக அங்கே ஒரு மெசின் ஓடுகிறது. எக்ஸ்ரேக்குப் பதிலாகக் கார்பன் அணுக்களை வேகமாக எறிகிறார்கள். அவை கட்டிவரைக்கும் போய் அங்கேதான் தங்கள் பலத்தை இறக்குமாம். பின்னாலிருக்கிற மூளைக்கும் மற்றக் கண்ணுக்கும் பெரிய சேதமில்லையாம். மாசியில் கட்டி திரும்ப வந்தபோது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று இங்கே சொன்னபோது, சந்திரவதனா குசினி மேசையில் இருந்து ஜப்பானுக்குக் கடிதம் எழுதினாள்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. ஏற்கெனவே கதிர் பட்ட இடம், பரிசோதனைக் காலம், மன்னிக்கவும்.

"முடிஞ்சுதே?" என்றார் யோகராஜா.

"என்ன முடிஞ்சுது? இல்லையெண்டு சொல்லவும் ஆறாயிரம் மைல் தாண்டி எழுதியிருக்கிறாங்கள். இன்னொருக்கா எழுதுவம். பரிசோதனையெண்டா என்னிலை பரிசோதிக்கட்டுமன்."

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதில் அரைப்பக்கம்தான் எழுத முடிந்தது.

"தம்பி, ஐயர் வந்திட்டார்" என்றார் சபாரத்தினம். "பத்தரைக்குத் தொடங்கினாத்தான் பதினொண்டரைக்குச் சுடலையிலை நிக்கலாம். விட்டா நேரம் போயிடும்."

யோகராஜா டிரெக்டரைப் பார்த்தார். மெழுகை எடுக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விசரே உனக்கு?" என்று பாய்ந்தார் சபாரத்தினம்.

டிரெக்டர் தொண்டையைச் செருமினார். இருபது நிமிடம் போதும், ஆனால் உள்ளே இருப்பது பார்க்க இதமாக இருக்காது, குடும்பம் ஒரே முடிவாக இருப்பது நல்லது என்றார்.

"அவளுக்குத் தாலி கட்டின மனுசன் நான்" என்றார் யோகராஜா. அதை முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "எடுங்கோ."

"சனம் என்ன சொல்லும்? வெளியில சின்னப் பிள்ளையள் நிக்குதுகள், பயப்பிடுங்கள்."

கதவடியில் நின்ற மேரிறோஸ் உள்ளே வந்தாள். வதனாவோடு ஒன்பது வருடம் ஒரே கடையில் வேலை செய்த மன்னார்க்காரி. "ஒரு பிள்ளையும் பயப்பிடாது, சபாரத்தினம் அண்ணை. கடைக்கு வந்த ஒரு சின்னப் பெடிச்சி உள்ளுக்கு விரல் விட்டுப் பாக்கட்டோ எண்டு அக்காவைக் கேட்டவள்."

"அதுக்கு?"

"கையைக் கழுவிப்போட்டு வா எண்டவ."

யோகராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தடவை.

டிரெக்டர் திரையை இழுத்து மூடினார். உள்ளே சின்ன உலோகக் கருவி எதையோ சுரண்டும் சத்தம். சபாரத்தினம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். யோகராஜா கையிலிருந்த சூப்பர்மார்க்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

திரை விலகியபோது அவள் வந்திருந்தாள். இடது பக்கம் குழி. அந்தப் பக்கம் இழுபட்ட உதடு, யாரையோ மறுத்துப் பேசப்போகிற மாதிரி. துடைத்ததில் நெற்றி வெறுமையாக இருந்தது.

யோகராஜா பையிலிருந்து முகமூடியை எடுத்தார். தன்னோடு போட்டுவிடச் சொல்லியிருந்தாள். டிரெக்டர் முடியாதென்று தலையை ஆட்டினார். பிளாஸ்டிக்கை எரிக்க விடமாட்டார்கள், சட்டம்.

இதற்கு மட்டும் யோகராஜா எதிர்த்துப் பேசவில்லை.

கதவைத் திறந்தார்கள். சனம் உள்ளே வந்தது. முன்வரிசையில் யாரோ சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். கிரியை முடிந்து வாய்க்கரிசிக்கு வரிசை நின்றபோது முதல் ஆள் சபாரத்தினம். நிலத்தைப் பார்த்தபடியே வந்து, மூடிய கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினார்.

யோகராஜா அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதல் பாருங்கோ அண்ணை. பிறகு போடலாம்."

சபாரத்தினத்தின் கழுத்து நரம்பு எழும்பியது. அந்தக் கை ஒரு தரம் உதறிப் பார்த்தது, யோகராஜா விடவில்லை. சபாரத்தினம் மெல்ல, மிக மெல்லத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அரிசி சில மணிகள் விரலிடுக்கால் சிந்தின.

"பொட்டில்லாமல் கிடக்கடா" என்றார், வேறு குரலில்.

ஐயர் குங்குமச் செப்பை நீட்டினார். யோகராஜா வேண்டாமென்று கைகாட்டிவிட்டு முகமூடியைத் தூக்கினார். அதன் நெற்றியில், கதிர் விழும் இடத்துக்கு அடையாளமாகக் கத்தரின் கீறிய பச்சைமைச் சிலுவைக் கோடுகளுக்கு நடுவே அவள் ஒட்டிய பொட்டு இன்னும் இருந்தது. நகத்தால் கிளப்பினார். எடுத்து அவளுடைய நெற்றியில் வைத்தார். பசை காய்ந்துபோயிருந்தது. விரலை எடுத்தால் விழுந்துவிடும் போலிருந்தது.

அழுத்திப் பிடித்தபடி நின்றார். வரிசை காத்திருந்தது.